குப்பைமேனி சோப்பும் சாயப்பட்டறைக் கையும்

திருப்பூர்ல தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். இப்போ அதுக்குப் போட்டியா தெருவுக்குத் தெரு மூலிகை சோப்பு வந்தாச்சு. ஆவாரம்பூ, கற்றாழை, வேப்பிலை, அதிமதுரம்னு ஆரம்பிச்சு, கடைசியில எல்லாரும் வந்து நிக்கிறது குப்பைமேனியில. மளிகைக் கடை கல்லாப் பக்கத்துல, பேக்கரியில, ஏன், கம்பெனி டீ டைம்ல டப்பர்வேர் டப்பாவுல வெச்சுக்கூட விக்கிறாங்க. "சொறி, சிரங்கு, படை, அரிப்பு, சாய அலர்ஜி எல்லாத்துக்கும்"னு ஒரு சீட்டு வேற ஒட்டியிருக்கும்.

அந்தக் கடைசி வார்த்தைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். சாய அலர்ஜி.

நான் சித்த வைத்தியரும் இல்ல, தோல் டாக்டரும் இல்ல. பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா குப்பை கொட்டிட்டு, ராத்திரி இங்க வந்து எழுதறவன். ஆனா செடிகளைப் பத்திப் படிக்கிறது ரொம்ப நாள் பைத்தியம். அதனால என் கருத்தை முதல்லயே போட்டு உடைச்சிடறேன்: குப்பைமேனி நல்ல செடி. ஆனா எங்க ஊர்ல அதை கையுறைக்குப் பதிலா விக்கிறாங்க. அது தப்பு. செடிமேல தப்பு இல்ல, விக்கிற விதத்துல தப்பு.

முதல்ல வெளிநாட்டுச் சரக்கைப் பாத்துடுவோம். அப்பத்தான் நம்ம சரக்கு புரியும்.

வெளிநாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்க கொண்டு வர்ற கிரீம் டப்பாவோட முதுகைப் படிச்சிருக்கீங்களா? பொடி எழுத்துல ஆர்க்டியம் லாப்பான்னு ஒரு பேரு இருக்கும். பர்டாக். ஐரோப்பாவுலயும் ஆசியாவோட குளிர்ப் பகுதிகள்லயும் ரோட்டோரத்துல தானா முளைக்கிற களை. நம்ம நாட்டுல இமயமலைப் பக்கம் உண்டு, தமிழ்நாட்டுச் சமவெளியில கிடையாது. ஜப்பான்காரங்க அதோட வேரை கோபோன்னு சொல்லி பொரியல் மாதிரி பண்ணிச் சாப்பிடறாங்க. ரஷ்யாவுலயும் ஜெர்மனியிலயும் வேரை எண்ணெயில ஊற வெச்சு முடிக்குத் தேய்க்கிறாங்க. கொப்புளம், அரிப்பு, முகப்பருன்னு தோல் சமாச்சாரம் எல்லாத்துக்கும் அங்கத்துப் பாட்டிகளோட கைமருந்து அது.

பனியன்காரங்களுக்கு இந்தச் செடி இன்னொரு வகையில சொந்தம். இதோட காய் முழுக்க வளைஞ்ச கொக்கி. 1941ல ஜார்ஜ் டி மெஸ்ட்ரால்ங்கற சுவிஸ் பொறியாளர் நாயைக் கூட்டிக்கிட்டு மலைப்பக்கம் போயிட்டு வந்தப்போ, நாய் முடியிலயும் அவர் துணியிலயும் இந்தக் காய் ஒட்டிக்கிச்சு. மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்தவர் கண்டுபிடிச்சதுதான் வெல்க்ரோ. நாம குழந்தைங்க பிப்புக்கு கழுத்துல வெச்சுத் தைக்கிற அந்த 'சர்ர்ர்'னு பிரியற பட்டை, பர்டாக் காயோட பேரன் :-)

சரி, மருந்துன்னு பாத்தா? பர்டாக்ல இருக்கிற ஆர்க்டிஜெனின் மாதிரி பொருட்கள் வீக்கத்தைக் குறைக்குதுன்னு ஆய்வுக்கூடத்துல நிறைய காட்டியிருக்காங்க. ஆனா மனுஷங்க தோல்ல தடவி, ஒழுங்கா ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகள் ரொம்பக் கம்மி. இன்னொரு பக்கமும் இருக்கு. பர்டாக் வேரை வெச்சுக் கட்டுன சிலருக்கு அதனாலயே தோல் அலர்ஜி வந்ததா 1995ல ஸ்பெயின்ல இருந்து மருத்துவப் பத்திரிகையில எழுதியிருக்காங்க.

இங்கதான் கொங்கு நாட்டுக்காரங்க கொஞ்சம் காதைக் குடுக்கணும். பர்டாக், சாமந்தி, சூரியகாந்தி, அப்புறம் நம்ம காடு மேடு எல்லாம் பரவிக் கெடக்கற பார்த்தீனியம் எல்லாம் ஒரே குடும்பம். பார்த்தீனியம் 1950கள்ல புனே பக்கம் கண்ணுல பட்டு, அப்புறம் நாடு முழுக்கப் பரவுனது. அது கிளப்பற தோல் அலர்ஜி எப்படி இருக்கும்னு தோட்டத்துல வேலை செஞ்ச பெரியவங்களைக் கேளுங்க. முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடிச்சு கருத்துப் போயிரும். ஒரு செடிக்கு அலர்ஜி ஆன உடம்பு அதே குடும்பத்து வேற செடிக்கும் சண்டைக்கு நிக்கலாம். அதனால பார்த்தீனியம் ஒத்துக்காதவங்க, "இயற்கை"ன்னு எழுதியிருக்கிற சாமந்தி, பர்டாக் வகையறா கிரீமை யோசிச்சுத்தான் தொடணும். டப்பாவுல இதெல்லாம் எழுத மாட்டாங்க.

இன்னொரு எச்சரிக்கையும் சேத்துச் சொல்லிடறேன். நம்ம ஊர்ல ஆட்டு முடியிலயும் லுங்கியிலயும் ஒட்டிக்கிட்டு வர்ற மருளூமத்தங்காயைப் பாத்து "இதுதான் நாட்டு பர்டாக்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. குடும்பம் ஒண்ணு, குணம் வேற. வங்கதேசத்துல சில்ஹெட் பக்கம் 2007ல வெள்ளத்துக்கு அப்புறம் சாப்பாட்டுக்குக் கஷ்டம் வந்து, மருளூமத்தை இளங்கன்றைக் கீரையாக் கடைஞ்சு சாப்பிட்ட ஏழைங்க 76 பேருக்கு உடம்பு முடியாமப் போயி 19 பேர் செத்துப் போனாங்க. ஒட்டற காயெல்லாம் மருந்து இல்ல.

நிற்க. நம்ம செடிக்கு வருவோம்.

ஐரோப்பாக்காரங்களுக்கு பர்டாக் என்ன இடமோ, நமக்கு அந்த இடம் குப்பைமேனி. ரெண்டும் சொந்தம் கிடையாது, குப்பைமேனி ஆமணக்குக் குடும்பம். ஆனா கதை ஒண்ணுதான்: யாரும் வெதைக்காம, சுவத்தோரம், சாக்கடையோரம், குப்பைமேட்டுல தானா முளைக்கும். யாரும் சீண்ட மாட்டாங்க. அரிப்பு வந்தா மட்டும் ஞாபகம் வரும். இன்னொரு பேரு பூனைவணங்கி. வேரைப் பிடுங்கிப் போட்டுப் பாருங்க, பூனை வந்து உருண்டு பொரண்டு கும்பிடு போடும்.

சித்த மருத்துவத்துல இதுக்கு நல்ல மரியாதை. இலையோட உப்பும் மஞ்சளும் வெச்சு அரைச்சு, சொறி சிரங்குக்குப் பூசி, கொஞ்ச நேரம் காய விட்டுக் குளிக்கிறது நம்ம வீடுகள்ல தலைமுறை தலைமுறையா நடக்கறது. இலைச்சாறு சில பாக்டீரியாவை அடக்குதுன்னு ஆய்வுக்கூடங்கள்லயும் பாத்திருக்காங்க. "எல்லாம் மூட நம்பிக்கை"ன்னு ஒரே அடியா ஒதுக்கறவங்க கட்சியில நான் இல்ல.

ஆனா "இலைதானே, ஒண்ணும் பண்ணாது"ங்கற கட்சியிலயும் இல்ல. இலங்கையில குப்பைமேனியைக் கஞ்சியாக் காய்ச்சிக் குடிச்ச சிலருக்கு ரத்த சிவப்பணு சரசரன்னு ஒடைஞ்சு ஆபத்தான நிலைக்குப் போயிருக்காங்க. 1996ல அங்கத்து டாக்டர்கள் அதைப் பதிவு பண்ணியிருக்காங்க. பாதிக்கப்பட்டவங்க எல்லாம் ஜி-6-பி-டிங்கற நொதி பிறவியிலேயே கொறைவா இருந்தவங்க. நம்ம நாட்டுலயும் அந்தக் குறை உள்ளவங்க உண்டு, பல பேருக்கு அது இருக்கறதே தெரியாது. அதனால "உள்ளுக்கும் குடிங்க, ரத்தம் சுத்தமாகும்"னு சோப்போட சேத்து இலவச ஆலோசனை குடுக்கறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. பச்சைக் கொழந்தைக்குப் பொகட்டறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இப்போ சோப்பு. பூச்சுக்கும் சோப்புக்கும் வித்தியாசம் இருக்குங்க. பூச்சுன்னா இலை தோல்மேல அரை மணி நேரம் உக்காந்திருக்கும். சோப்புங்கறது காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் சேர்ந்தது. அந்தக் காரத்துல இலைச்சாறைக் கொட்டினா, அதுல இருக்கிற பொருள்ல எவ்வளவு பொழைக்குங்கறது ஒரு கேள்வி. பொழைச்சதும் ஒரு நிமிஷத்துல நுரையோட சேந்து சாக்கடைக்குப் போயிடும்ங்கறது இன்னொரு விஷயம். மிச்சம் இருக்கறது பச்சைக் கலரும் நம்ம நம்பிக்கையும்தான். குளிக்கிறதுக்கு நல்ல சோப்பா இருக்கலாம், அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. மருந்துன்னு சொல்றப்போதான் இடிக்குது.

அதுவும் யார்கிட்ட விக்கிறாங்க? எங்க லைன் வீட்டுல கடைசி வீட்டு அக்கா ஒரு சாயப்பட்டறையில ஈரத் துணி பிரிச்சுப் போடற வேலை செய்யுது. விரலிடுக்கெல்லாம் வெடிச்சு, உள்ளங்கை தோல் உரிஞ்சு, சாப்பாட்டைப் பிசையவே முடியாம ஸ்பூன்ல சாப்பிட்டுட்டு இருந்துச்சு. யாரோ நாலு குப்பைமேனி சோப்பு வித்துட்டாங்க. ஒரு நாள் என்னைக் கேட்டுச்சு, "ஏங்கண்ணு, நீதான் செடி கொடியப் பத்தியெல்லாம் படிக்கிறயே... இந்த சோப்பு போட்டா கையி திகுதிகுன்னு எரியுது. எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமாமா, நெசமா?"

இல்லீங்கக்கா. எரிஞ்சா எரியுதுன்னுதான் அர்த்தம்.

அந்தக் கைக்கு என்ன நடக்குதுன்னு பாருங்க. பருத்தித் துணிக்குப் போடற ரியாக்டிவ் சாயம் 1956ல இங்கிலாந்து ஐ.சி.ஐ. கம்பெனி சந்தைக்குக் கொண்டு வந்த சமாச்சாரம். மத்த சாயம் மாதிரி சும்மா மேல உக்காராது, நூலோட ரசாயனமா பின்னிக்கும். அதனாலதான் பனியன் வெளுக்கறதில்ல. அதைப் பின்ன வைக்கிறதுக்கு உப்பும் சோடா ஆஷும் போட்டு தண்ணியைக் காரமாக்கணும். அதுக்கு முன்னாடி பிளீச்சிங்ல காஸ்டிக், பெராக்சைடு. பின்னாடி அசிட்டிக் ஆசிட். நம்ம தோல் புரதம். பருத்தியோட பின்னிக்கிற சாயம் தோலோடயும் பின்னிக்கும். சிலருக்கு அதுவே அலர்ஜியா மாறி, அப்புறம் துளி பட்டாக்கூட ஆகாது. சாயப் பவுடர் எடை போடறவங்களுக்கு மூச்சிறைப்பே வரும்னு மருத்துவ உலகம் ரொம்ப நாள் முன்னாடியே சொல்லிடுச்சு.

இதோட நிக்கலை. ஷிப்ட் முடிஞ்சு கையில இருக்கிற கலர் போகணுமே? பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்க பாக்கறாங்களேன்னு பிளீச்சிங் தண்ணியிலயோ, ஹைட்ரோஸ் கரைச்சோ கையைக் கழுவுறவங்க உண்டு. சாயம் பண்ணின கெடுதியை விட இந்தக் கழுவல் பண்ற கெடுதி சில சமயம் பெருசு. அதுக்கு மேல வீட்டுக்கு வந்து இன்னொரு காரம், குப்பைமேனி பேர்ல. எண்ணெய்ப் பசை எல்லாம் போன கைக்கு வேண்டியது சோப்பு இல்லீங்க. சாதாரணத் தண்ணி, தேங்காய் எண்ணெயோ வாசலினோ, ரெண்டு வாரம் அந்த வேலையில இருந்து ஓய்வு.

சாயப்பட்டறை மட்டும் இல்ல. பிரிண்டிங்ல பேஸ்டும் மண்ணெண்ணெயும் தின்னரும். செக்கிங்ல எண்ணெய்க் கறை எடுக்க கன்ல அடிக்கிற ஸ்பாட் லிக்விட். மே மாசத்துல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழ பன்னெண்டு மணி நேரம் உக்காந்து தைக்கிறவங்களுக்கு இடுப்புலயும் தொடையிலயும் படை. அவங்க மெடிக்கல்ல போயி "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க"ம்பாங்க, ஸ்டீராய்டு கலந்த டியூப் வரும். நாலு நாள்ல சரியான மாதிரி இருக்கும், பத்தாவது நாள் பெருசா பரவும். 2018ல மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. இதைப் பாக்கறப்போ குப்பைமேனிப் பூச்சே தேவலைன்னு நானே சொல்லுவேன். ஆனா மூலிகை கிரீம்னு விக்கறதுக்குள்ளயே ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகள்ல பிடிபட்டிருக்கு. ஒரு "மூலிகை" கிரீம் ரெண்டே நாள்ல அதிசயம் பண்ணுச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

இப்போ எனக்கு நிஜமாவே வயிறு எரியற விஷயத்துக்கு வர்றேன்.

மெர்ச்சண்டைசரா நான் தினம் பாக்கறது டெஸ்ட் ரிப்போர்ட். புற்றுநோயை உண்டாக்கற அமீன்களை விடற அசோ சாயங்களை ஜெர்மனி 1994லயே தடை பண்ணுச்சு. ஃபார்மால்டிஹைடு இவ்வளவுக்கு மேல இருக்கக் கூடாது, கொழந்தைத் துணிக்கு இன்னும் கம்மி, துணியோட பி.எச். தோலுக்கு ஒத்துப் போகணும், வேர்வைக்கு சாயம் இறங்கக் கூடாது. ஓகோ-டெக்ஸ் முத்திரை 1992ல இருந்து இருக்கு. நல்லதுதான், நான் கிண்டல் பண்ணலை. ஹாம்பர்க்ல ஒரு கொழந்தையோட தோலுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு இவ்வளவு பாக்கறோம். அந்தப் பாடி சூட்டுக்கு சாயம் போட்ட கையோட தோலுக்கு எந்த லேப்ல டெஸ்ட்? அந்தக் கைக்கு நாம குடுக்கறது நாப்பது ரூபா குப்பைமேனி சோப்பு, அதுவும் அதோட சொந்தக் காசுல.

"ஏன், கையுறை குடுக்கறோமே"ன்னு முதலாளிமாருங்க சொல்லுவாங்க. குடுக்கறாங்க. நான் பாத்த வரைக்கும் ஆடிட் வர்ற அன்னைக்கு புத்தம் புதுசா வெளிய வரும், ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டினதும் திரும்பி பீரோவுக்குப் போகும். எல்லா இடத்துலயும் இப்படின்னு சொல்லலை, ஒழுங்கா நடத்தறவங்களும் இருக்காங்க. தொழிலாளியும் போட மாட்டேங்கறாங்கன்னு சொல்றாங்களே, அதுவும் நெசம்தான். ஏன் போட மாட்டேங்கறாங்க? உள்ள வேர்த்து ஊறிப் போயிடுது, பிடிப்பு கெடைக்கறதில்ல, பீஸ் ரேட்ல கை வேகம் கொறையுது. ஓட்டை விழுந்த கையுறைக்குள்ள சாயத் தண்ணி போயி தேங்கிட்டா, கையுறை இல்லாததை விட மோசம்.

இதுக்கு வழி இல்லையா? ரப்பர் கையுறைக்கு உள்ள மெல்லிசா ஒரு பருத்திப் பின்னல் கையுறை போட்டா வேர்வையை உறிஞ்சிக்கும், ரெண்டு மணிக்கு ஒரு தரம் மாத்திக்கலாம், துவைச்சுப் போடலாம். தோல் டாக்டர்கள் சொல்ற சாதாரண யோசனைதான் இது. உலகத்துக்கே பின்னித் தர்ற ஊருங்க இது! கட்டிங் வேஸ்ட்ல ஆயிரக்கணக்குல தைக்கலாம் அந்த உள்கையுறையை. ராக்கெட் விடச் சொல்லலை. கை மாதிரி ஒரு பேட்டர்ன் வெட்டி ஓவர்லாக் அடிக்கச் சொல்றேன், அவ்வளவுதான்.

சாயத்தால ஆறு என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியும். பாசனத்துக்குன்னு 1992ல ஒரத்துப்பாளையம் அணை வந்துச்சு, தேங்குனது சாயக் கழிவு. நொய்யல் விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ ஊரே ஸ்தம்பிச்சுப் போச்சு. அதுக்கப்புறம்தான் ஒரு சொட்டுக் கழிவும் வெளிய விடக் கூடாதுங்கற முறையை கோடிக்கணக்குல செலவு பண்ணிக் கொண்டு வந்தாங்க. ஆத்துக்காக வழக்குப் போட விவசாயிங்க இருந்தாங்க. கைக்காகப் போட யாரு இருக்கா? 1948ல வந்த தொழிற்சாலைச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமுமே ரசாயனம் பட்டு வர்ற தோல் நோயை தொழில் நோய்ப் பட்டியல்ல சேத்தாச்சு. ஆனா இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில போயி "கை வெடிச்சிருக்குங்க"ன்னு மட்டும் சொல்லி களிம்பு வாங்கிட்டு வர்றவங்கதான் அதிகம். "நான் சாயப்பட்டறையில இந்த வேலை செய்யறேன், லீவுல ஊருக்குப் போனா சரியாயிடுது, திரும்பி வந்தா வந்துடுது"ன்னு சொல்லுங்க. அந்த ஒரு வரியிலதான் வியாதியோட காரணமே இருக்கு. நம்ம வீட்டுல, தெருவுல இருக்கறவங்களுக்கு இதைச் சொல்லிக் குடுங்க.

சோப்பு காய்ச்சற அக்கா தங்கச்சிங்க என்மேல கோவிச்சுக்க வேண்டாம். கொழந்தை பொறந்து கம்பெனிக்குப் போக முடியாம, வீட்டுல இருந்தே நாலு காசு பாக்கறவங்க நீங்கன்னு தெரியும். அதனால ரெண்டு மூணு வேண்டுகோள் மட்டும். அழகுப் பொருள் செஞ்சு விக்க லைசென்ஸ் வேணும், அதை வாங்கிடுங்க. "குணமாக்கும்"னு எழுதாதீங்க, அப்படி எழுதினா அது மருந்தாயிடும், சட்டமும் வேற. சாயப்பட்டறை ஆளுங்க வந்து வெடிச்ச கையைக் காட்டினா, "இது சோப்புல சரியாகாது, டாக்டரைப் பாருங்க"ன்னு சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆகும். அப்புறம் முக்கியமா, இலையை நொய்யல் கரையில, சாக்கடை ஓரத்துல பறிக்காதீங்க. எந்த மண்ணுல நிக்குதோ அந்த மண்ணுல இருக்கறதைத்தான் செடி குடிக்கும். நாலு தொட்டியில வெச்சு தண்ணி ஊத்துங்க, வெக்கப்படாம வளரும். பேருதான் குப்பைமேனி, குப்பையிலதான் வளரணும்னு ஒண்ணும் விரதம் இல்ல.

கடைசி வீட்டு அக்கா இப்போ மடிப்பு செக்‌ஷனுக்கு மாறியிருக்கு. சம்பளம் கொஞ்சம் கம்மி. கை ஆறிட்டு வருது. எந்தச் செடியும் ஆத்தலை. சாயத்துல கை வைக்கலை, அவ்வளவுதான்.

டிஸ்கி: சித்த வைத்தியம் படிச்ச பதிவர்கள், தோல் டாக்டர் நண்பர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து நான் விட்டதைச் சேருங்க, திட்டறதா இருந்தாலும் வாங்க. உள்கையுறை தைக்க பேட்டர்ன் வேணுங்கறவங்க சொல்லுங்க, எங்க கட்டிங் மாஸ்டர்கிட்ட கெஞ்சி வாங்கித் தர்றேன் :-)